படகின் வலுவும் பலகையின் பலமும்

யாங்கோன் ஆற்றின் தென்கரையில் அமைந்திருப்பது டாலா. எதிர்க்கரையில் பன்சோடான் இறங்குதுறை. இவ்விரண்டுக்கும் இடையே மக்களை ஏற்றிச் செல்வதற்கு ஜப்பான் அன்பளித்த 'செர்ரி' கப்பல்கள் 2014 இல் வந்து சேர்ந்தன. ஆயினும், அவற்றுக்கு முன்னரும் பின்னரும் அந்த ஆற்றைக் குறுக்கறுத்து ஓடியவை சம்பான் என்னும் சிறு மரப்படகுகள். துடுப்பிருந்த இடத்தில் இன்று இயந்திரம் இருக்கிறது.

டாலாவுக்கு இயந்திரம் புதிதன்று. 1865 இல் தோன்றிய ஐராவதி புளோட்டிலா கம்பனியின் கப்பற் பட்டறை இங்கேயே இருந்தது. 600க்கும் மேற்பட்ட கலங்களை ஓட்டிய அக்கம்பனி, 1942 இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தானே மூழ்கடித்தது. அதே ஆண்டில்தான் பல இலட்சம் இந்தியர், தமிழரும் அவர்களுள் அடங்க, கால்நடையாகவேனும் பர்மாவை விட்டகன்றனர்.

சிறுபடகு ஓட்டும் எவருக்கும் ஓர் ஆசை உண்டு: இருக்கும் இயந்திரத்தின் வலுவைக் கூட்டிவிட வேண்டும். அது வீண்கனவும் அன்று. யமஹாவின் இருவீச்சு வெளியிணைப்பு இயந்திரங்களுள் 9.9 குதிரைவலு, 15 குதிரைவலு ஆகிய இரண்டும் 246 கன சென்ரிமீற்றர் கொண்ட ஒரே அளவினவாக வெளிவந்துள்ளன. சிறியதற்குக் காற்றும் எரிபொருளும் குறைவாகப் புகும்படி கட்டுப்படுத்தியிருப்பார்கள்; அவ்வளவே. பெரியதற்குரிய காபரேற்றரையும் அதனோடு சேர்ந்த உறுப்புகளையும் பொருத்தினால் அடைபட்ட வலு வெளிப்படும். துளையை மட்டும் பெரிதாக்கி எரிபொருளின் அளவைச் சரிசெய்யாது விட்டாலோ, கலவை வரண்டு, சூடேறி, பிஸ்டன் இறுகிவிடும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நீரைக் கிழித்துச் செல்லும் பாரப்படகில், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வலு தேவைப்படுகிறது. 9.9ஐ 15 ஆக்கினால் வலு ஏறத்தாழ 50 வீதம் கூடும். வேகமோ 15 வீதமளவே கூடும். முழுவேகத்தில் எரிபொருட் செலவு வலுவோடு சேர்ந்தே உயரும். இருபது அடிப் படகு ஏறத்தாழ ஆறு கடல்மைல் வேகத்தை எட்டியபின், தானெழுப்பிய அலையையே ஏற முயன்று முன்புறம் நிமிரும், பின்புறம் தாழும். ஆட்கள் நிறைந்த படகில் பின்புறம் தாழ்வது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உந்துவிசை முழுவதையும் தாங்குவது இயந்திரத்தைப் பூட்டிய பின்பலகை. காபரேற்றரை மாற்றுபவர் அப்பலகையை மாற்றுவதில்லை.

எம்மவர்க்குக் குதிரைவலு என்பது வெறும் பொறியியற் சொல்லன்று. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்குக் கடற்றொழிலாளர் பூட்டக்கூடிய இயந்திரத்தின் வலுவையே அரசு மட்டுப்படுத்தி வைத்திருந்தது. 1983 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட 30 கிலோமீற்றரளவான கடலை, அளவுக்கு மீறி ஆளேற்றிய படகுகளில் கடந்து வந்தவர்கள் இவ்விதழின் வாசகருள்ளும் இருப்பர். வலு கூடினால் உயிர் தப்பலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அந்த எண்ணத்தைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வலுவைக் கூட்டியவர்கள் ஆளையும் கூட்டினார்கள் என்பதே துயரம்.

புலம்பெயர்ந்த நாடுகளில் ஏரிக்கரைக்குப் போகும் இளைஞர்க்கும் ஒரு சொல். கனடாவில் 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள இயந்திரம் பூட்டிய உல்லாசப் படகுக்கு அனுமதி இலக்கம் வேண்டும். பிரான்சில் 6 குதிரைவலுவைத் தாண்டினால் ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் வேண்டும். மூடியில் 9.9 என்றிருக்க உள்ளே 15 ஓடுமானால், விபத்து நேரும் நாளில் காப்புறுதி கைகொடுக்கும் என்று நம்பியிருக்க இயலாது.

மாற்றத்தான் வேண்டுமெனில், முதலில் படகில் பொறித்த உச்சவலுவை வாசியுங்கள். பொறிக்கப்படாத மரப்படகாயின், படகு கட்டிய ஆசாரியைக் கேளுங்கள். பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். மாற்றிய பின், சுழற்சி வேகம் தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் நிற்குமாறு உந்துவிசிறியைத் தேர்ந்தெடுங்கள். சேறு கலந்த ஆற்றில் ஓடுவோர் நீர்ப்பம்பின் இறப்பர்ச் சக்கரத்தை அடிக்கடி கழற்றிப் பார்ப்பது நல்லது. இவ்வளவும் செய்தபின்னும், மிச்சப்படுவது சில நிமிடங்களே. அந்த நிமிடங்களுக்குரிய பணத்தில் படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்காப்பு அங்கி வாங்க முடியுமா என்பதை முதலில் எண்ணிப் பார்ப்பது அறிவுடைமை.