விலை பேசி வாங்குவோம்

குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், மடிக்கணினி போன்றவற்றை நாம் அடிக்கடி வாங்குவதில்லை. பல குடும்பங்கள் மாதக்கணக்கில் சேமித்த பணத்தைக் கொண்டே இவற்றை வாங்குகின்றன. ஆயினும், காய்கறிக் கடையில் ஐந்து ரூபாய்க்காக விலை பேசும் நாம், குளிரூட்டப்பட்ட பெரிய கடைக்குள் நுழைந்ததும் பேசத் தயங்குகிறோம். அச்சிட்ட விலை மாறாதது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் சரிதானா?

அச்சிட்ட விலை ஓர் எல்லையே

பொருளின் பெட்டிமீது எம்.ஆர்.பி. எனப்படும் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கும். எல்லா வரிகளும் அதனுள் அடங்கும். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி, அவ்விலைக்கு மேல் விற்பது குற்றமாகும். அதற்குக் குறைவாக விற்பதற்கோ தடையில்லை. எனவே, விலையைக் குறைக்குமாறு கேட்பதில் நாணவேண்டியது ஏதுமில்லை. தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, சென்னையின் ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் விலை பேசுதல் அன்றாட வழக்கம்.

கடைக்குச் செல்லும் முன்

நமக்குத் தேவையானது எது, செலவிடக்கூடிய தொகை எவ்வளவு என்பவற்றை வீட்டிலேயே முடிவு செய்து எழுதிக்கொள்ள வேண்டும். பொருளின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று கடைகளிலும் இணையத்திலும் அதன் விலையை ஒப்பிட வேண்டும். மாதிரி எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் பொருள் வேறாக இருக்கலாம்.

நட்சத்திர முத்திரையையும் காண வேண்டும். ஒரு பெட்டி ஆண்டுக்கு 250 அலகு மின்சாரமும், மற்றொன்று 180 அலகும் செலவிடுவதாகக் கொள்வோம். ஓர் அலகு 7 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 490 ரூபாய் வேறுபடும். பத்து ஆண்டுகளில் அது 4,900 ரூபாயாகும். முதலில் விலை குறைவாகத் தோன்றுவது பின்னர்ச் செலவு மிக்கதாகலாம்.

விற்பனையாளருடன் பேசும்போது

பெரிய கடைகளில் நம்மை வரவேற்பவர் சில வேளைகளில் ஒரு குறிப்பிட்ட நிறுவனம் அமர்த்திய பணியாளராக இருப்பார். தம் நிறுவனப் பொருளை அவர் புகழ்வது இயல்பே. அவர் சொல்வதைக் கேட்கலாம்; ஆனால், முடிவு நம்முடையதாக இருக்க வேண்டும். விலையைக் குறைக்கும் அதிகாரம் பெரும்பாலும் மேலாளரிடமே இருக்கும். ஆகவே, "ஐயா, இதே மாதிரி அடுத்த கடையில் 1,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. தாங்கள் எவ்வளவுக்குத் தர இயலும்?" என்று அவரிடம் பணிவுடன் கேட்கலாம். நாம் கூறும் விலை உண்மையானதாக இருக்க வேண்டும். பொய்யான விலையைச் சொன்னால் நம் சொல்லுக்கு மதிப்பிராது. விலை ஒத்துவராவிட்டால், நன்றி கூறி வெளியேறவும் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

மொத்தச் செலவைக் கணக்கிடுதல்

ஒரு கடையில் 24,000 ரூபாய். வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பது இலவசம். மற்றொன்றில் 23,200 ரூபாய். வண்டிக் கூலி 500, தாங்கி 900 எனத் தனியே கேட்கின்றனர். முதல் கடையிலேயே தாங்கியும் இலவசமாகக் கிடைத்தால், எது மலிவு? கூட்டிப் பார்த்தால் இரண்டாவது 24,600 ரூபாய் ஆகிறது. விலையைக் குறைக்க இயலாதபோது, இத்தகைய பொருளையும் சேவையையும் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். 'வட்டியில்லாத் தவணை' என்றாலும், அதற்கான கட்டணம் உண்டா, முழுத்தொகையையும் உடனே செலுத்தினால் தள்ளுபடி உண்டா எனக் கேட்டறிய வேண்டும்.

ரசீதை விட்டுக்கொடுக்கலாகாது

"ரசீது வேண்டாமென்றால் இன்னும் குறைத்துத் தருகிறேன்" என்று சிலர் கூறுவர். இது ஆதாயம்போலத் தோன்றும், உண்மையில் இழப்பாகும். ஆறு மாதத்தில் பொருள் பழுதானால், எந்நாளில், எக்கடையில் வாங்கினோம் என்பதற்குச் சான்று இராது. உத்தரவாதத்தைக் கோருவதும் கடினமாகும். அரசுக்குச் சேரவேண்டிய வரியும் சேராமற் போகும். விற்ற பொருளுக்கு ரசீது தர மறுப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை எனக் கூறுகிறது. குறை ஏற்படின், தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915இல் முறையிடலாம். அப்போது நம் கையில் இருக்கவேண்டிய முதற் சான்று ரசீதே. ஆகவே, விலையைப் பேசிக் குறைப்போம். ரசீதைக் கேட்டுப் பெறுவோம்.

சிந்தித்து விடை எழுதுக

1. அச்சிட்ட விலையை 'எல்லை' எனக் கூறுவது ஏன்?
2. ரசீது இல்லாமல் குறைந்த விலைக்கு வாங்குவது ஆதாயமா, இழப்பா? காரணம் கூறுக.
3. விற்பனையாளருக்கும் வாங்குபவருக்கும் இடையே நிகழும் உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக.