சிவப்பைத் தொடும் முள்

பழைய காரில் டெம்பரேச்சர் மீட்டரின் முள் சிவப்பைத் தொட்டால், ஒன்று எஞ்சின் கொதிக்கிறது, அல்லது மீட்டர் பொய் சொல்கிறது. எது என்று தெரியும்வரை முதலாவதாகவே கொள்வது நல்லது. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. சாதாரணமாக 0.9 பார் அழுத்தம் தாங்கும் அந்த மூடி, உள்ளே இருக்கும் தண்ணீரின் கொதிநிலையை 120 டிகிரி செல்சியஸ் அருகே உயர்த்தி வைத்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் கொதிநிலை மறுபடி 100க்கு இறங்கும். அதைவிடச் சூடாக இருந்த தண்ணீர் ஆவியாகிப் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

எஞ்சின் ஆறிய பிறகு முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் மட்டம். அது குறையவில்லை, ஆவியோ கொதிக்கும் சத்தமோ இல்லை, ஆனாலும் முள் மட்டும் உச்சியில் நின்றது என்றால் மீட்டரைச் சந்தேகிக்கலாம்.

மின்சாரத்தில் இயங்கும் பெரும்பாலான பழைய மீட்டர்களுக்கு எஞ்சினில் ஒரு சென்சாரும் அங்கிருந்து டேஷ்போர்டுக்கு ஒரே ஒரு வயரும்தான் உண்டு. சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும். அதனால் வயரில் மின்னோட்டம் கூடி முள் மேலே போகும். அந்த வயரின் உறை தேய்ந்து எஞ்சின் மீது உரசினாலும் தடை இல்லாமல் மின்னோட்டம் எர்த்துக்குப் பாயும். குளிர்ந்த எஞ்சினிலும் சாவியைத் திருப்பியதும் முள் உச்சிக்கு ஓடுவது இதனால்தான். சோதனை எளிது: சென்சாரிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு இக்னிஷனைப் போட வேண்டும். முள் கீழே கிடந்தால் வயர் சரி. அப்போதும் ஏறினால் வயரோ மீட்டரோதான் பழுது. சென்சாரைத் தனியே கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் மெல்லச் சூடேற்றி, மல்டிமீட்டரில் தடை சீராக இறங்குகிறதா என்று பார்க்கலாம்.

பெட்ரோல் மீட்டரும் கூடவே அதிகம் காட்டினால் சென்சாரை விட்டுவிடலாம். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பல பழைய கார்களில் இரண்டு மீட்டர்களுக்கும் சுமார் 10 வோல்ட் மட்டும் அனுப்பும் சிறிய ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும். அதன் எர்த் விட்டுப்போனால் பேட்டரியின் முழு வோல்டேஜும் மீட்டர்களுக்குப் போய், இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறும். இது தெரியாமல் ரேடியேட்டரைக் கழற்றுவது வீண் செலவு.

மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது என்றால், சூடு எப்போது ஏறுகிறது என்பதே அடுத்த துப்பு. நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்றோட்டம் போதவில்லை. அம்பாசிடர் போல பெல்ட்டில் சுழலும் ஃபேன் என்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். மாருதி 800 போல மின்சார ஃபேன் என்றால் மோட்டார், ஃப்யூஸ், சூட்டை உணரும் ஸ்விட்ச் மூன்றையும் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலை வேகத்திலோ மலையேற்றத்திலோ மட்டும் ஏறினால் தண்ணீர் ஓட்டம் தடைபடுகிறது. ஆண்டுக்கணக்கில் உப்புத் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் குழாய்கள் சுண்ணாம்பு படிந்து அடைந்திருக்கும். பம்ப் இழுக்கும் வேகத்தில் நைந்த கீழ் ஹோஸ் சப்பிப்போவதும் உண்டு. நின்றதும் அது பழைய வடிவுக்கு வந்துவிடுவதால் கண்ணில் படாது.

புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முள் ஏறி, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மட்டும் குளிர்ந்து கிடந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. அதைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால், அதன்மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையில், உதாரணமாக 82 டிகிரியில், திறக்கத் தொடங்க வேண்டும். தெர்மோஸ்டாட்டையே தூக்கி எறிவது பட்டறைகளில் பழகிப்போன வைத்தியம். நல்ல வைத்தியம் அல்ல. சில எஞ்சின்களில் பைபாஸ் வழியை அடைப்பதும் அதுவே. அது இல்லாவிட்டால் வெந்நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும்.

வெளியே ஒழுகல் இல்லாமல் தண்ணீர் குறைவது, ரேடியேட்டரில் ஓயாத குமிழி, ஆயில் மூடிக்கடியில் பால் கலந்ததுபோல் வெளுத்த பிசுக்கு ஆகியவை ஹெட் கேஸ்கெட் போனதற்கான அடையாளங்கள்.

ஏமாற்றுவதில் கெட்டிக்காரத்தனமானது, சிவப்பில் நின்ற முள் திடீரென்று கீழே விழுவதுதான். தண்ணீர் பெருமளவு வெளியேறிவிட்டால் சென்சார் தண்ணீரில் மூழ்காமல் வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்க, மீட்டர் குளிர்ச்சி என்று காட்டும். ஹீட்டர் உள்ள கார் என்றால் அதைப் போட்டுப் பார்க்கலாம்: எஞ்சின் அனலடிக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், சுற்றிவரத் தண்ணீர் இல்லை.