நம் வார்டில் யார் நிற்பது?

புனே அருகே தேஹு ரோடு இருக்கிறது. அது ராணுவ ஊர். டிப்போ வேலைக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக அங்கே வாழ்கின்றன.

அங்கே தெருவிளக்கு எரியவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை. யாரிடம் சொல்வது? கண்டோன்மெண்ட் போர்டிடம் சொல்ல வேண்டும். குடிநீர், விளக்கு, துப்புரவு, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் போர்டின் பொறுப்பு.

போர்டில் யார் யார் இருப்பார்கள்?

மொத்தம் 14 இடங்கள். 7 இடங்கள் ராணுவ அதிகாரிகளுக்கும் அரசு அதிகாரிகளுக்கும் உரியவை. மற்ற 7 பேரை மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்புவார்கள். வார்டுக்கு ஒருவர். பதவிக்காலம் 5 ஆண்டுகள். ராணுவ அதிகாரிதான் தலைவர். ஆனால் துணைத்தலைவர், மக்கள் அனுப்பிய 7 பேரில் ஒருவர்.

டிப்போ தொழிலாளியின் மனைவி ஒருவர் தேர்தலில் நிற்க நினைக்கிறார். அவரால் முடியுமா?

முடியும். மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு உண்டு. ஆனால் சில விதிகள் உள்ளன. இவை 2006-ம் ஆண்டு கண்டோன்மெண்ட் சட்டத்தில் இருக்கின்றன.

அவர் பெயர் கண்டோன்மெண்ட் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். அதற்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். 6 மாதமாவது அங்கே குடியிருக்க வேண்டும். சட்டசபைத் தேர்தல் பட்டியல் வேறு, இது வேறு. அதில் பெயர் இருந்தால் போதாது.

போர்டுக்கு வரிபாக்கி இருக்கக் கூடாது. நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் நிற்க முடியாது. போர்டின் காண்டிராக்டில் பங்கு இருந்தாலும் நிற்க முடியாது.

தேர்தல் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

2015 ஜனவரியில் தேர்தல் நடந்தது. அந்த உறுப்பினர்களின் காலம், நீட்டிப்பும் சேர்த்து 2021-ல் முடிந்தது. 2023 ஏப்ரல் 30-ல் நாட்டின் 57 கண்டோன்மெண்டுகளில் தேர்தல் என்று அறிவித்தார்கள். மார்ச் மாதமே அது ரத்தானது.

போர்டு கலைந்தால் மூன்று பேர் மட்டும் நிர்வாகம் செய்வார்கள். இருவர் அதிகாரிகள். ஒருவரை மத்திய அரசு நியமிக்கும். ஏழு பேர் பேசிய இடத்தில் ஒருவர்தான் பேசுவார். அவரும் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் அல்ல.

தேர்தல் தேதி வந்த பிறகு ஓடினால் பயனில்லை. வாக்காளர் பட்டியலைப் போய்ப் பாருங்கள். உங்கள் பெயரை நீங்களே படியுங்கள். பெயர் இல்லையா? சேர்க்கச் சொல்லி மனு எழுதுங்கள். வரி கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் வார்டில் நிற்கத் தகுந்தவர் யார்? அது ஏன் நீங்களாக இருக்கக் கூடாது?