கார்ட் ரீடரைச் செருகினால் கணினி உறைகிறதா?

முதலில் ஒன்று: திரை அசையாமல் நின்றாலும் ‘ஃபார்மட்’ செய்யச் சொல்லும் பெட்டிக்குச் சரி என்று அழுத்திவிடாதீர்கள்.

அட்டையை எடுத்துவிட்டு ரீடரை மட்டும் செருகிப் பாருங்க. அப்பவும் உறைந்தால் கோளாறு ரீடரிலோ யூஎஸ்பி துளையிலோ இருக்கலாம்; ஹப்பை விட்டுவிட்டு நேராகக் கணினியின் வேறு துளையில் மாட்டுங்க. வெறும் ரீடர் ஒழுங்காக இருந்தால், அட்டையைச் சந்தேகிக்கலாம். படிக்க முடியாத பகுதியைக் கணினி திரும்பத் திரும்பப் படிக்க முயலும்போதும் இப்படி நிற்கும்.

எனக்கு நடந்தது வேறு. பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டத்தில் மாணவர்கள் எடுத்த நேர்காணல் முழுதும் ஒரே அட்டையில். ரீடரோ பழசு, 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி வகைக்கானது. அட்டை 64 ஜிபி எஸ்டிஎக்ஸ்சி. இந்த வகை 2009இல்தான் அறிவிக்கப்பட்டது. அட்டையைக் கேமராவிலேயே போட்டு, கேமராவை வயரில் இணைத்தோம். எல்லாப் பதிவும் வந்துவிட்டது!

அட்டையே பழுது என்றால், கிடைத்ததை நகலெடுத்த பிறகே ‘செக்டிஸ்க்’ ஓட்டுங்க. அதுவரை புதிதாக எதையும் அதில் பதியவேண்டாம்.