டேலி கணக்கு திறக்காதபோது முதலில் செய்ய வேண்டியது

2022ஆம் ஆண்டு வேளாங்கண்ணி ஆண்டுப் பெருவிழா முடிந்து இரண்டாம் நாள், செப்டம்பர் 10 காலை, நமது கடைக் கணினியில் டேலி கணக்கு திறக்கவில்லை. கொரோனாவால் முந்தைய இரண்டு ஆண்டுகளும் வெளியூர்ப் பக்தர்கள் விழாவுக்கு வர முடியாமல் போயிற்று. ஆகவே அந்த ஆண்டு கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் சிறு கடைகளுக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று சரக்கு போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் கடன்தான். விழா முடிந்த வாரம் வசூல் என்பது நம் கடை வழக்கம். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அந்தக் கணினிக்குள் இருந்தது. மறுநாள் 11ஆம் தேதி, ஆகஸ்ட் மாதத்து ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்யக் கடைசி நாள்.

நடந்தது இதுதான். முந்தின இரவு மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது. யு.பி.எஸ். பேட்டரி பழையது, மாற்ற வேண்டும் என்று நாம் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம். பதிவு செய்துகொண்டிருந்தபோதே கணினி அணைந்துவிட்டது. காலையில் நிறுவனப் பெயரைத் தேர்ந்ததும் 'இன்டர்னல் எரர்' என்று ஒரு வரி வந்து நின்றது. கணக்கு எழுதும் தம்பி 'ரிப்பேர்' கொடுத்தார். பாதியில் நின்றது. மறுபடியும் கொடுத்தார். பிறகு பென்டிரைவில் இருந்த பழைய நகலை அதே இடத்திலேயே 'ரீஸ்டோர்' செய்தார். கணக்கு திறந்துகொண்டது. எல்லோரும் மூச்சு விட்டோம். ஐந்து நிமிடம் கழித்துத்தான் கவனித்தோம், கடைசிப் பதிவு ஆகஸ்ட் 22. அதன் பின் எழுதிய 18 நாள் கணக்கின் மேல் பழைய நகல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

தம்பியைக் குறை சொல்வதற்கில்லை. பக்கத்தில் நின்று அவசரப்படுத்தியது நாம். மென்பொருளையும் குறை சொல்வதற்கில்லை. தந்தை தம் வியாபாரக் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல் மகனை எழுதச் சொன்னதில் பிறந்தது டேலி. 1986இல் பெங்களூரில் சியாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத் கோயங்காவும் தொடங்கியது. வியாபாரியின் பழக்கம் அறிந்தே செய்யப்பட்டது. ஆனால் எழுதும் நடுவில் மின்சாரம் போனால் எந்தக் கணக்கு மென்பொருளும் தடுமாறும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் கடைக்குள் வந்தபோது நம் பேரேடுகள் சேற்றில் ஊறின. பிரித்து வெயிலில் காயவைத்தோம். மைப்பேனா எழுத்து கரைந்திருந்தது. பால்பாயிண்ட் எழுத்து நின்றது. பாதிப் பக்கம் படிக்க முடிந்தால் பாதிப் பாக்கியாவது தெரியும். கணினிக் கணக்கு அப்படி அல்ல. ஓரிடத்தில் அடிபட்டால் புத்தகம் முழுவதும் மூடிக்கொள்ளும். காரணம் எளிது. டேலி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 10000, 10001 என்பது போல எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு கோப்புறை வைத்திருக்கிறது. அதற்குள் பல கோப்புகள் இருக்கும். பழைய ஈ.ஆர்.பி. 9 ஆனால் அவற்றின் பெயர் 900 என்றும், டேலி பிரைம் ஆனால் 1800 என்றும் முடியும். பற்றுச்சீட்டு ஒரு கோப்பில், கணக்குத் தலைப்பு வேறொன்றில் என்று அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. ஒன்று சிதைந்தால் மற்றவை நல்ல நிலையில் இருந்தாலும் திறக்காது. நல்ல நிலையில் இருக்கின்றன என்பதால்தான் மீட்கவும் வழி இருக்கிறது.

எனவே கணக்கு திறக்கவில்லை என்றால் முதலில் எல்லாக் கணினிகளிலும் டேலியை மூடுங்கள். அந்த எண் கோப்புறையை முழுவதுமாக ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, தேதி போட்டுத் தனியே வையுங்கள். கெட்டுப்போனதை எதற்கு நகல் எடுப்பது என்று தோன்றும். நமக்கும் அன்று தோன்றியது. அந்தக் கெட்டுப்போன கோப்புறை அப்படியே இருந்திருந்தால், விவரம் தெரிந்தவர் அதிலிருந்து பெரும்பகுதியை மீட்டிருக்கக்கூடும்.

நகல் எடுத்த பிறகு, கணக்கு உண்மையில் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல நேரங்களில் கெட்டிருக்காது. நிறுவனப் பெயரே பட்டியலில் வரவில்லை என்றால் டேலி வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கணினி மாற்றியபோதோ மென்பொருளைப் புதுப்பித்தபோதோ இது நடக்கும். நிறுவனத்தைத் தேர்வு செய்யும் இடத்திலேயே கோப்புறை இருக்கும் இடத்தைச் சொல்ல வசதி உண்டு. இரண்டு மூன்று கணினி வைத்திருப்பவர்கள், கணக்கு இருக்கும் முதன்மைக் கணினி ஓடுகிறதா, கம்பி கழன்றிருக்கிறதா என்று பார்த்தாலே போதும். பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறிகள் தெரிந்தால் டேலி வால்ட் கடவுச்சொல் போடப்பட்டிருக்கிறது. அது மறந்துபோனால் மீட்க வழியே கிடையாது. பீரோவில் எழுதி வையுங்கள். புதிய வெளியீட்டுக்கு மாற்றிய கணக்கைப் பழைய வெளியீடு திறக்காது என்பதும் நினைவிருக்கட்டும். ஆடிட்டரிடம் கொடுத்து வாங்கிய கணக்கு நம் கடையில் திறக்காவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கோப்புகளின் பெயர்க் கடைசியில் அறியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டு, பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருந்தால் அது வேறு கதை. 2017 மே மாதம் உலகம் முழுவதையும் ஆட்டிய வான்னாகிரை போன்ற வைரஸ் வேலை. உடனே வலைக் கம்பியைப் பிடுங்குங்கள், பென்டிரைவைச் செருகாதீர்கள்.

இவை எதுவும் இல்லை, கணக்கே சிதைந்திருக்கிறது என்றால்தான் ரிப்பேர். டேலி பிரைமில் ஆல்ட் பொத்தானுடன் ஒய் எழுத்தை அழுத்தினால் அந்தப் பகுதி வரும். முடியும்வரை மின்சாரம் போகக்கூடாது. ரிப்பேர் முடிந்ததும் ரொக்க இருப்பு, சரக்கிருப்பு, முக்கியமான பாக்கிதாரர்களின் நிலுவை ஆகியவற்றைக் கையில் உள்ள தாளோடு ஒப்பிடுங்கள். சில பதிவுகள் விடுபட்டிருக்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் ரீஸ்டோர். ஆனால் புதிதாக ஒரு கோப்புறை உண்டாக்கி அதற்குள் மட்டுமே.

நாம் அந்த 18 நாளை எப்படித் திரும்ப எழுதினோம் என்பதையும் சொல்ல வேண்டும். விற்பனை பில் நகல்கள் கம்பியில் கோத்திருந்தன. வங்கியிலிருந்து கணக்கு அறிக்கை வாங்கினோம். கொள்முதலுக்கு 14ஆம் தேதி வெளிவந்த ஜி.எஸ்.டி.ஆர்.-2பி கைகொடுத்தது, நமக்குச் சரக்கு அனுப்பியவர்கள் ஆகஸ்ட் மாதத்துக்குக் காட்டிய பில்கள் அதில் இருந்தன. ஜி.எஸ்.டி.ஆர்.-1 நான்கு நாள் தாமதம் ஆயிற்று. சிக்கல் வந்தது ரொக்க வரவில்தான். துண்டுச் சீட்டில் குறித்து, கணினியில் ஏற்றியதும் கிழித்துப் போட்டுவிட்டோம். பாக்கிதாரர்களிடம் நடந்ததைச் சொல்லிக் கேட்பதைத் தவிர வழியில்லை. இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா தம் நோட்டை எடுத்துவந்து, நாம் மறந்தே போயிருந்த இரண்டு மூட்டைப் புழுங்கல் அரிசியையும் சேர்த்துச் சொன்னார். எல்லோரும் அப்படி இல்லை. சேராமல் போன தொகையை இங்கே எழுத விருப்பமில்லை.

கணக்குகளை ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு. விபத்தோ இயற்கைச் சீற்றமோ நேர்ந்தாலும் நியாயமான காலத்துக்குள் விவரங்களை மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்று 57ஆம் விதி சொல்கிறது. 2018 நவம்பர் 16 கஜா புயலைப் பார்த்த நம் பகுதிக்கு அந்த விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நம் கடையில் யு.பி.எஸ். பேட்டரி புதியது. இரவு டேலியை மூடிய பிறகு நகல் எடுக்கிறோம். ஒற்றை நாளுக்கு ஒரு பென்டிரைவ், இரட்டை நாளுக்கு இன்னொன்று. பழையதன் மேல் புதியது ஏறாது. வாரம் ஒரு நகல் தஞ்சாவூரில் மகள் வீட்டுக்குப் போகிறது. துண்டுச் சீட்டுகளை மாதக் கணக்கு முடியும்வரை கிழிப்பதில்லை. மாதம் ஒருமுறை வீட்டுக் கணினியில் அந்த நகல்களைத் திறந்து பார்க்கிறோம். போன மாதம் ஒரு பென்டிரைவ் திறக்கவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்றே வேறொன்று வாங்கினோம்.