சேமிப்பு வேறு, சிறுவாடு வேறு

அம்மா ஒருநாளும் ‘சேமிக்கிறேன்’ என்று சொன்னதில்லை. ‘கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன்’ என்பாள். காய்கறிக்காரரிடம் பேரம் பேசி மிச்சம் பிடித்த பத்து ரூபாய் முதலில் கடுகு டப்பாவுக்குப் போகும். சேர்ந்து ஐந்நூறானதும் மளிகைக் கடையில் ஒற்றை நோட்டாக மாறி, பீரோவில் கூறைப்புடவை மடிப்புக்குள் குடியேறும். அதுதான் சிறுவாடு. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டால் அது சிறுவாடு இல்லை, வீட்டுச் செலவு! 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்களே, அன்றைக்கு எங்கள் வீட்டுப் புடவை மடிப்பும் பிரிந்தது. அப்பா எண்ணினார். பதினோரு நோட்டு.

‘சேமிப்பு’ பாங்க்காரர்கள் வாயில் வரும் சொல். ஆனால் அதன் வேரில் பணம் இல்லை. க்ஷேமம் என்ற வடசொல் தமிழில் சேமமாகி, அதிலிருந்து சேமி வந்தது. கடுதாசியில் ‘இவ்விடம் அனைவரும் க்ஷேமம்’ என்று தொடங்குவார்களே, அதே க்ஷேமம். பத்திரமாக இருப்பது, பத்திரமாக வைப்பது. இலங்கையில் அந்த வாசனை இன்னும் போகவில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளிக்குச் சேரும் பணத்துக்கு அங்கே ஊழியர் சேமலாப நிதி என்று பெயர். இங்கே காகிதத்தில் வருங்கால வைப்பு நிதி, பேச்சில் பி.எஃப். எனக்கென்னவோ அவர்கள் பெயர்தான் பிடித்திருக்கிறது.

காப்பாற்றுவது வேறு சங்கதி. ‘பணத்தைக் காப்பாற்றினேன்’ என்றால், திருடன் வந்தானா என்றுதான் கேட்பார்கள். மீட்பதற்கோ, முதலில் ஒன்று கைவிட்டுப் போயிருக்க வேண்டும். கிணற்றில் விழுந்த மாட்டைத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை மீட்கும். பாவத்திலிருந்து கரையேறுவதைக் கத்தோலிக்கர்கள் மீட்பு என்பார்கள்; சீர்திருத்த சபைகளில் இரட்சிப்பு என்ற சொல்தான் அதிகம். அடகு நகைக்கும் எழுத்தில் மீட்பு, வீட்டில் ‘திருப்பணும்’. அந்தப் பதினோரு நோட்டும் பாங்க் வரிசையில் நின்று புது நோட்டாகித் திரும்பியபின், அம்மாவின் வளையலைத் திருப்பத்தான் போயின.

அடகு நகையை விட்டுவிட்டால், ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஒரே சொல், ‘சேவ்’. கணினியைத் தமிழ்ப்படுத்தியவர்கள் அந்த ‘சேவ்’ பொத்தானில் ‘சேமி’ என்று எழுதினார்கள். சரியான தேர்வு. சிக்கனம் உதிர்ந்து, பத்திரமாக வைப்பது என்ற பழைய பொருள் திரும்பிவிட்டது. என்ன, யாரும் சொல்வதில்லை. ‘நம்பரை சேவ் பண்ணு’தான்.

சிறுவாட்டுக்கு உங்கள் ஊரில் வேறு பெயர் இருந்தால் எழுதி அனுப்புங்கள். எங்கே ஒளித்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் எழுத வேண்டாம்; இந்த இதழை வீட்டில் எல்லோரும் படிப்பார்கள்.