சோதனைக்கும் ஒரு சோதனை

2012 ஜூன் மாதம் இந்திய அரசு ஒரு ரத்தப் பரிசோதனைக்குத் தடை விதித்தது. மருந்துகள் தடை செய்யப்படும் செய்தியை அவ்வப்போது படிக்கிறோம். ஒரு பரிசோதனையே தடை செய்யப்படுவது அபூர்வம். தனியார் லேப்களில் காசநோயைக் கண்டறியப் பரவலாகச் செய்யப்பட்டுவந்த சோதனை அது.

அதற்குக் கிராக்கி வந்ததில் வியப்பில்லை. காசநோய்க்கான பழைய சோதனை பொறுமையைச் சோதிக்கும். நோயாளி ஆழ்ந்து இருமிச் சளி தர வேண்டும். அதை ஸ்லைடில் தடவி, சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவி, நீலச் சாயம் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மற்றவை எல்லாம் நீலமாகிவிட, காசநோய்க் கிருமிகள் மட்டும் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். ராபர்ட் கோக் 1882இல் இந்தக் கிருமியைக் கண்டறிந்த சில ஆண்டுகளுக்குள் உருவான முறை இது. ஆனால், ஒரு மில்லி சளியில் ஏறத்தாழ 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். அதற்குக் குறைந்தால் நோய் இருந்தும் ‘நெகட்டிவ்’ என்றே வரும். சளியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது நம்பகமானது. அதற்கோ வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இந்தச் சூழலில், ஊசியில் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் அன்றே ரிசல்ட் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? சிக்கல், அந்தச் சோதனை தேடியது எதை என்பதில் இருந்தது. அது கிருமியைத் தேடவில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடியது. நம் நாட்டில் நோய் வராமலே அந்தக் கிருமியை உடலில் சுமப்பவர்கள் ஏராளம். அவர்கள் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் இருக்கலாம். எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளியிடமோ அது இல்லாமலே போகலாம்.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். இருமலோடு வந்த 1,000 பேரில் 100 பேருக்குக் காசநோய் என்று கொள்வோம். சோதனை நோயாளிகளில் 60 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கிறது. நோயில்லாதவர்களில் 20 சதவீதத்தினரைத் தவறாக நோயாளி என்கிறது. 60 பேர் அகப்படுகிறார்கள். 40 பேர் தப்பிவிடுகிறார்கள். நோயே இல்லாத 900 பேரில் 180 பேருக்கும் ‘பாசிட்டிவ்’ வருகிறது. ஆக, பாசிட்டிவ் சீட்டோடு நிற்கும் 240 பேரில் முக்கால்வாசிப் பேர் தேவையில்லாமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவார்கள். விடுபட்ட 40 பேர் வீட்டாருக்கும் நோயைப் பரப்பக்கூடும்.

இப்படிப்பட்ட ரத்தச் சோதனைகள் உலகில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் நடந்தன. பல நாடுகளில் வெளியான ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி, தரம் பார்த்து அலசியபோது, எந்தத் தயாரிப்பும் தேறவில்லை. 2011இல் உலக சுகாதார நிறுவனம் இவற்றைப் பயன்படுத்தவே கூடாது என்று அறிவித்தது. மறு ஆண்டு இந்தியா தடை விதித்தது.

அதே அளவுகோலில் தேறி வந்ததுதான் நம் அரசு மருத்துவமனைகளில் ‘சிபிநாட்’ எனப்படும் சோதனை. சளியில் உள்ள கிருமியின் மரபணுவையே பெருக்கிப் பார்க்கும் அது, இரண்டு மணி நேரத்தில் பதில் தருகிறது. முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. மும்பை உட்பட ஐந்து நகரங்களில் 1,730 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. நுண்ணோக்கியில் அகப்பட்ட நோயாளிகளில் 98 சதவீதத்தினரையும், நுண்ணோக்கி தவறவிட்டவர்களில் 72 சதவீதத்தினரையும் ஒரே சோதனையில் அது கண்டறிந்தது. குறையும் உண்டு: செத்த கிருமியின் மரபணுவையும் அது காட்டிவிடும். அதனால் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க இதை நம்புவதில்லை. பழைய நுண்ணோக்கியும் கிருமி வளர்ப்புமே அதற்குத் துணை.

சிகிச்சையையும் இப்படிச் சோதித்துத்தான் நம்ப வேண்டும். அதற்குச் சென்னையே சாட்சி. காசநோயாளிக்குச் சானடோரியப் படுக்கையும் ஓய்வும் சத்துணவும் இன்றியமையாதவை என்று உலகம் நம்பிய காலம். 1956இல் தொடங்கிய ஆய்வில், சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பாதியினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். இரு பாதியினருக்கும் அதே மருந்துகள்தான், காலம் ஓராண்டு. வீட்டில் இருந்தவர்கள் மருந்தை உட்கொண்டார்களா என்று அறிய, சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சிறுநீரையும் சோதித்தார்கள். நெருக்கடியான வீடு, குறைந்த உணவு. இருந்தும் அவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கானோருக்கு வீட்டுச் சிகிச்சையின் கதவைத் திறந்துவிட்டது அந்த முடிவு.

புதிய கருவி வந்தால் செய்தியாகிறது. பொய்யான சோதனையைக் களைந்தெறிந்த ஆய்வு பேசப்படுவதில்லை. இரண்டுமே உயிர் காக்கும் வேலைதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். தயங்காமல் போக வேண்டும். எந்தச் சோதனையை யார் எழுதிக் கொடுத்தாலும், “இது எவ்வளவு துல்லியம், டாக்டர்?” என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஆராய்ச்சியே நடக்கிறது.